5 கோடி ரூபாய் எம்.பி.யும் 100 ரூபாய் எம்.பி.யும்

தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பக்கம் போனாலும் ஒரு பயணியர் நிழற்குடை கண்ணில் படும். உட்காரும் திண்டு உடைந்திருக்கும், கூரை ஒழுகும், பேருந்து கூட அங்கே நிற்காமல் பத்தடி தள்ளித்தான் நிற்கும். ஆனால் மேலே இருக்கும் எழுத்து மட்டும் அழியவே அழியாது! "நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி", கீழே ஆண்டு, மதிப்பீடு, அதற்கும் கீழே (சில இடங்களில் அதற்கும் மேலே) எம்.பி.யின் பெயர்.

தேர்தல் வந்தால் இந்த நிழற்குடைகள்தான் சாட்சி சொல்ல வரும். "உங்கள் தொகுதிக்கு என்ன செய்தேன் தெரியுமா?" என்று ஆரம்பித்து இத்தனை நிழற்குடை, இத்தனை உயர்மின் கோபுர விளக்கு, இத்தனை சமுதாயக்கூடம், இத்தனை கலையரங்கம் என்று வேட்பாளர் பட்டியல் வாசிப்பார். கேட்பவர்களும் விரல் விட்டு எண்ணுவார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் நல்ல எம்.பி., குட்டையாக இருந்தால் தொகுதிப் பக்கமே வராத எம்.பி.

இந்தக் கணக்கு சரியா? ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வேலை நிழற்குடை கட்டுவதுதானா? அப்படியென்றால் அவரை எதற்கு டெல்லி வரை அனுப்ப வேண்டும்? ஊரிலேயே ஒரு நல்ல மேஸ்திரியைப் பிடித்தால் போதுமே!

28 ரூபாய் கணக்கு

முதலில் இந்த நிதி எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 1993 டிசம்பர் 23 அன்று, நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது இந்தத் திட்டம் தொடங்கியது. முதல் வருடம் ஒரு உறுப்பினருக்கு 5 லட்சம். அடுத்த வருடமே 1 கோடி. 1998-99இல் 2 கோடி. 2011-12இலிருந்து 5 கோடி. மக்களவையில் 543 பேர், மாநிலங்களவையில் 245 பேர். எல்லோருக்கும் சேர்த்தால் வருடத்துக்கு 3,900 கோடிக்கு மேல் வரும்.

கேட்க பெரிய தொகைதான். ஆனால் தொகுதிக்குக் கொண்டு வந்து பிரித்துப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நாட்டில் இருந்த வாக்காளர்கள் சுமார் 97 கோடி. 543 தொகுதிக்கு வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரியாக 17.8 லட்சம் பேர். 5 கோடியை அவர்களுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு வருடத்துக்கு 28 ரூபாய். இரண்டு டீ குடிக்கலாம். வடை கேட்டால் கையைக் கடிக்கும்.

இப்போது இன்னொரு கணக்கு. 2024-25க்கான மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 48 லட்சம் கோடி ரூபாய். அதையும் அதே 97 கோடி வாக்காளர்களுக்கு வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய் வருகிறது. (அதில் வட்டிக்கே பெரும் பங்கு போய்விடுகிறது என்பது வேறு கதை.)

28 ரூபாய் ஒரு பக்கம். 50,000 ரூபாய் ஒரு பக்கம். 28 ரூபாயை எங்கே செலவழிப்பது என்று எம்.பி. பரிந்துரை செய்கிறார், அடிக்கல் நாட்டுகிறார், ரிப்பன் வெட்டுகிறார், கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார். அந்த 50,000 ரூபாய் விஷயத்தில் என்ன செய்கிறார்?

கில்லட்டின் என்றொரு கருவி

பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டிய இயந்திரத்தின் பெயர் கில்லட்டின். இந்திய நாடாளுமன்றத்தில் அந்தப் பெயரில் ஒரு நடைமுறை இருக்கிறது, வெட்டப்படுவது விவாதம்!

பட்ஜெட் வாசித்த பிறகு ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு இவ்வளவு வேண்டும் என்று மானியக் கோரிக்கை வைக்கும். அரசியலமைப்பின் 113வது பிரிவுப்படி மக்களவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைத்தும் கொடுக்கலாம். மக்களின் பிரதிநிதிகள் சம்மதிக்காமல் கஜானாவிலிருந்து பணம் எடுக்க முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். நாடாளுமன்றம் என்ற அமைப்புக்கே அடிப்படை இதுதான்.

நடைமுறையில் ஒரு சில அமைச்சகங்களின் கோரிக்கைகள் மட்டும் விவாதத்துக்கு எடுக்கப்படும். கடைசி நாள் குறித்த நேரம் வந்ததும், மிச்சம் இருக்கும் அத்தனை அமைச்சகங்களின் கோரிக்கைகளும் மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் நிறைவேற்றப்படும். இதற்குத்தான் கில்லட்டின் என்று பெயர்.

சில வருடங்களில் அந்த "ஒரு சில" கூடக் கிடையாது. 2018 மார்ச் 14 அன்று மக்களவையில் அமளிக்கு நடுவே எல்லா மானியக் கோரிக்கைகளும் நிதி மசோதாவும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் நிறைவேறின. விவாதமே இல்லை. அந்த நிதி மசோதாவுக்குள்தான் எம்.பி.க்களின் சம்பளத்தை மாதம் 50,000இலிருந்து 1 லட்சமாக உயர்த்தும் திருத்தமும் இருந்தது. 2023 மார்ச் 23 அன்றும் இதே கதைதான். ஆளும் கட்சி ஒரு விஷயத்துக்காக அமளி, எதிர்க்கட்சிகள் இன்னொரு விஷயத்துக்காக அமளி, நடுவில் சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டுக்கான கோரிக்கைகள் விவாதம் இல்லாமலே தாண்டிப் போய்விட்டன.

2018இல் ஒரு ஆட்சி, 2023இல் வேறு ஆட்சி என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டு முறையும் பா.ஜ.க. ஆட்சிதான். ஆனால் கில்லட்டின் பா.ஜ.க. கண்டுபிடித்தது இல்லை. காங்கிரஸ் ஆட்சியிலும் அதே கத்தி அதே இடத்தில்தான் விழுந்தது. கட்சிச் சண்டைக்கு இதில் இடமே இல்லை, எல்லோரும் கூட்டாளிகள்.

100 ரூபாயின் மதிப்பு

ஒரு எம்.பி. நினைத்தால் என்ன செய்யலாம்? நாடாளுமன்ற விதிகளில் வெட்டுத் தீர்மானம் என்று ஒன்று உண்டு. மூன்று வகை. ஒரு அமைச்சகத்தின் கொள்கையே தவறு என்றால் அதன் மானியத்தை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். செலவு அதிகம் என்றால் ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லலாம். மூன்றாவதுதான் சுவாரஸ்யம். ஒரு குறிப்பிட்ட குறையைச் சபையில் எழுப்ப வேண்டுமென்றால் "இந்த மானியத்தில் 100 ரூபாய் குறைக்கப்பட வேண்டும்" என்று தீர்மானம் கொடுக்கலாம்.

100 ரூபாயைக் குறைத்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ரூபாய் அங்கே முக்கியம் இல்லை. ஒரு மாவட்டத்து அரசு மருத்துவமனையில் கருவி இருந்து அதை இயக்க ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டில் மேம்பாலம் வருடக்கணக்கில் பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு விஷயத்தைச் சொல்லி, இதற்கு அமைச்சர் பதில் சொல்லாமல் மானியம் கிடையாது என்று நிறுத்திக் கேட்கும் உரிமைதான் அந்த 100 ரூபாய். பதில் சொல்ல வேண்டியவர் ஒரு கேபினட் அமைச்சர். பதில் சபைக் குறிப்பில் ஏறும். அடுத்த வருடம் "போன வருடம் இப்படிச் சொன்னீர்களே?" என்று அதைப் பிடித்து மறுபடி கேட்கலாம்.

கில்லட்டின் விழும்போது இந்த வெட்டுத் தீர்மானங்களும் கூடவே செத்துப் போகின்றன. அதற்காக எந்தத் தொகுதியிலும் யாரும் வருத்தப்பட்டதில்லை, சுவரொட்டி ஒட்டியதில்லை. ஆனால் நிழற்குடை வரவில்லை என்றால் கேட்பார்கள்!

5 கோடி கையில் இருக்கும் எம்.பி. ஊருக்குத் தெரிகிறார். 100 ரூபாய் வெட்டச் சொல்லும் எம்.பி. யாருக்கும் தெரிவதில்லை. இருவரில் யாருக்கு உண்மையான அதிகாரம் அதிகம் என்று யோசித்துப் பாருங்கள்.

1993இல் நடந்த மூன்று விஷயங்கள்

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று புரிய 1993ஆம் வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

அந்த வருடம் ஏப்ரலில், பட்ஜெட் கோரிக்கைகளை அமைச்சகம் வாரியாக அலசுவதற்குத் துறைசார் நிலைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. முதலில் 17 குழுக்கள், 2004இல் அது 24 ஆனது. எம்.பி.க்கள் உட்கார்ந்து அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்க ஒரு நல்ல ஏற்பாடு. (குழு சொல்வதை அரசு ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது ஒரு குறை.)

அதே ஏப்ரல் 24 அன்று 73வது அரசியலமைப்புத் திருத்தம் அமலுக்கு வந்தது. கிராமத்துக் குடிநீர், சாலை, மின்வசதி, நூலகம், சுகாதாரம் என்று 29 விஷயங்கள் பட்டியல் போடப்பட்டு, இவற்றைப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்று சொல்லப்பட்டது. ஜூன் 1 அன்று நகராட்சிகளுக்கான 74வது திருத்தமும் வந்தது.

அதாவது வேலையைத் தெளிவாகப் பிரித்தாயிற்று. ஊர் வேலையை ஊராட்சி பார்க்கட்டும், நாட்டுக் கணக்கை நாடாளுமன்றம் பார்க்கட்டும்.

டிசம்பரில் என்ன நடந்தது? உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கிய அதே தெருவிளக்கு, குடிநீர், சமுதாயக்கூட வேலைகளைச் செய்ய எம்.பி. கையில் ஒரு நிதி கொடுக்கப்பட்டது. அந்த ஜூலையில்தான் நரசிம்ம ராவின் சிறுபான்மை அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து 14 வாக்கு வித்தியாசத்தில் தப்பியிருந்தது என்பதையும் ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வருடத்தில் கணக்குக் கேட்கும் அதிகாரமும் கையில் வந்தது, செலவழிக்கும் பணமும் கையில் வந்தது. எது ருசித்தது என்று சொல்லத் தேவையில்லை.

கட்டிடம் வரும், ஆள் வரமாட்டார்

"எதுவாக இருந்தால் என்ன, ஊருக்கு ஒரு கட்டிடம் வருகிறதே, அது நல்லதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இந்த நிதியில் பள்ளிகளுக்கு வகுப்பறை வந்திருக்கிறது, கிராமங்களுக்குக் குடிநீர்த் தொட்டி வந்திருக்கிறது. தலித் மக்கள் வாழும் பகுதிகளுக்கு 15 சதவீதம், பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 சதவீதம் செலவழிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எதிர்க்கட்சி எம்.பி. ஒருவருக்கு எந்த அமைச்சரும் முகம் கொடுக்காதபோது, தன்னை நம்பி ஓட்டுப் போட்ட ஊருக்கு ஏதாவது செய்ய அவருக்கு இருக்கும் ஒரே வழியும் இதுதான். இதையெல்லாம் இல்லை என்று சொல்வது அநியாயம்.

ஆனால் இந்த நிதியின் அடிப்படை விதியைக் கவனியுங்கள். நிலைத்து நிற்கும் சொத்துகளை உருவாக்கத்தான் பணம். மாதாமாதம் ஆகும் செலவுக்கு, அதாவது சம்பளத்துக்கும் அன்றாட நடத்துச் செலவுக்கும், இதில் இடம் இல்லை. ஆகவே நூலகக் கட்டிடம் கட்டலாம், நூலகரை நியமிக்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறை கட்டலாம், நர்ஸ் போட முடியாது. கணினி வாங்கிக் கொடுக்கலாம், சொல்லிக் கொடுக்க ஆசிரியர் வைக்க முடியாது.

இந்த ஊர்களுக்குப் பல நேரம் எது குறைவு? சுவரா, ஆளா? பூட்டிக் கிடக்கும் கட்டிடங்களைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். நூலகர், நர்ஸ், லேப் டெக்னீஷியன், ஆசிரியர், துப்புரவுப் பணியாளர் இவர்களெல்லாம் அந்த 50,000 ரூபாய்க் கணக்கிலும் மாநில பட்ஜெட்டிலும்தான் வருகிறார்கள். அங்கே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இன்னொன்று, ரிப்பன் வெட்ட முடியாத வேலை எதுவும் யாருடைய செல்லத் திட்டமாகவும் ஆவதில்லை. மண்ணுக்குள் போகும் சாக்கடைக் குழாய் மேல் யார் பெயர் எழுதுவது? அடைப்பு எடுத்த வாய்க்காலுக்கு யார் திறப்பு விழா நடத்துவார்கள்? செய்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும், அடுத்த தேர்தலுக்குள் முடிய வேண்டும், கல்வெட்டு வைக்கச் சுவர் இருக்க வேண்டும். இந்த மூன்றில்தான் உயர்மின் விளக்கும் வரவேற்பு வளைவும் ஜெயிக்கின்றன, மழைநீர் வடிகால் தோற்கிறது. மழை வந்ததும் அந்த உயர்மின் விளக்கு வெளிச்சத்தில் முழங்கால் தண்ணீர் நன்றாகத் தெரியும்!

அமெரிக்காவில் ஒரு பாலம்

இது இந்தியாவின் வியாதி மட்டும் இல்லை. உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுப்பதாகச் சொல்லும் அமெரிக்காவில் நடந்தது இது.

அலாஸ்கா மாநிலத்தில் கெட்சிகன் என்று ஒரு சின்ன ஊர். எதிரே கிரவீனா என்று ஒரு தீவு. தீவில் வசித்தவர்கள் சுமார் 50 பேர். ஊரின் விமான நிலையமும் அங்கேதான், போய்வர படகு இருக்கிறது, சில நிமிடப் பயணம். 2005இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் இந்தத் தீவுக்குப் பாலம் கட்ட 22.3 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஏன்? அலாஸ்காவின் ஒரே பிரதிநிதிகள் சபை உறுப்பினரான டான் யங்தான் அப்போது போக்குவரத்துக் குழுவின் தலைவர். அந்த மாநிலத்து செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் பணம் ஒதுக்குவதில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்தச் சட்டத்துக்குள் இப்படி உறுப்பினர்கள் செருகிய திட்டங்கள் மொத்தம் 6,000க்கு மேல். "எங்கும் போகாத பாலம்" என்று இதற்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது.

சட்டம் கையெழுத்தானது 2005 ஆகஸ்ட் 10. அதே ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் லூசியானாவைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. ஊருக்குள் வரும் நெடுஞ்சாலைப் பாலம் உடைந்து கிடந்தது. அக்டோபரில் ஓக்லஹோமா செனட்டர் டாம் கோபர்ன் எழுந்து, அலாஸ்காப் பாலத்தின் பணத்தை எடுத்து லூசியானாவில் உடைந்த பாலத்தைக் கட்டலாம் என்று திருத்தம் கொண்டு வந்தார்.

தேவை எது, ஆசை எது என்று இவ்வளவு பச்சையாக ஒரு சபையின் முன்னால் வைக்கப்படுவது அபூர்வம். ஒரு பக்கம் படகு இருக்கும் 50 பேர் தீவு, இன்னொரு பக்கம் புயலில் பாலம் போன நகரம். ஸ்டீவன்ஸ் கோபத்தில் ராஜினாமா செய்வேன் என்றார். வாக்கெடுப்பு நடந்தது. திருத்தத்துக்கு ஆதரவு 15, எதிர்ப்பு 82!

அந்த 82 பேருக்கும் கிரவீனா தீவின் மேல் பாசமா? இல்லை. இன்று அவர் பாலத்தில் கை வைத்தால் நாளை தன் பாலத்தில் யாராவது கை வைப்பார்களே என்ற பயம்தான். செல்லத் திட்டம் என்பது ஒருவரின் ஆசை மட்டும் இல்லை, ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துவிடும் ஏற்பாடு. அதனால்தான் உள்ளிருந்து யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

பிறகு ஊரே சிரித்ததால், அந்த நவம்பரில் "பாலத்துக்கு" என்ற நிபந்தனையை மட்டும் நீக்கினார்கள். பணம் அலாஸ்காவிடமே இருந்தது. 2007இல் பாலம் கைவிடப்பட்டது. ஆனால் வராத அந்தப் பாலத்துக்கு இணைப்புச் சாலை மட்டும் தீவில் 2.5 கோடி டாலருக்கு மேல் செலவில் போடப்பட்டது. 2011இல் இப்படிச் செருகும் பழக்கத்துக்கே தடை விதித்தார்கள், 2021இல் வேறு பெயரில், கொஞ்சம் கட்டுப்பாடுகளுடன் அது திரும்பி வந்தது.

ஒழிக்கச் சொன்னவர்களும் ஒழியாத நிதியும்

இந்தியாவிலும் எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. அரசியலமைப்புச் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002இல் இந்த நிதியை நிறுத்தச் சொன்னது. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007இல் எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி இரண்டையுமே ஒழிக்கச் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து போய் நாடாளுமன்றத்தில் பேர் வாங்கிய இரா. செழியன், இந்தத் திட்டம் அரசியலமைப்புக்கே பொருந்தாதது என்று விரிவாக எழுதினார், ஒழிக்க வேண்டும் என்றார். கட்சி அரசியலில் ஊறிய ஒருவரே அப்படிச் சொன்னார் என்பது கவனிக்க வேண்டியது. 2005 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சியின் ரகசிய கேமரா, இந்த நிதியில் வேலை தருவதற்குக் கமிஷன் பேசும் எம்.பி.க்களைக் காட்டியது. அவர்களில் ஒருவரை மாநிலங்களவை 2006 மார்ச்சில் வெளியேற்றியது.

உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம், ஐந்து நீதிபதிகள் அமர்வில், திட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எம்.பி. பரிந்துரைதான் செய்கிறார், அனுமதிப்பதும் செலவழிப்பதும் மாவட்ட நிர்வாகம், ஆகவே அதிகாரப் பிரிவினை மீறப்படவில்லை என்பது அதன் சாரம். சட்டப்படி சரி. நடைமுறையில் எம்.பி. பரிந்துரையை மறுத்துவிட்டு நிம்மதியாக இருக்கக்கூடிய கலெக்டர் எத்தனை பேர்?

பிலிப்பைன்ஸில் நடந்தது நேர் எதிர். அங்கே உறுப்பினர்களுக்கு இருந்த இதே மாதிரி நிதியில் பெரும் மோசடி வெளிவந்தது, மக்கள் தெருவில் இறங்கினார்கள், 2013 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிதியே அரசியலமைப்புக்கு விரோதமானது என்று அறிவித்தது. சட்டம் போட வேண்டியவர் செலவில் தலையிடக் கூடாது என்பதுதான் முக்கியக் காரணம்.

பீகாரில் 2010இல் நிதிஷ் குமார் எம்.எல்.ஏ. நிதியை ரத்து செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு முதலமைச்சர் பெயரில் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. அலாஸ்கா ஆனாலும் பாட்னா ஆனாலும் இது பெயர் மாற்றிக்கொண்டு வரும் பேர்வழி.

2020 ஏப்ரலில் இன்னொரு விஷயம் வெளிச்சமானது. கொரோனாவைக் காரணம் காட்டி மத்திய அமைச்சரவை எம்.பி. நிதியை இரண்டு வருடங்களுக்கு நிறுத்தியது, 7,900 கோடி ரூபாய் அரசின் தொகுப்பு நிதிக்குப் போனது. 2021 நவம்பரில் திரும்பத் திறந்துவிட்டது. நல்ல காரியத்துக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும், இதில் தெரிவது என்ன? குழாயின் திருகு அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. அரசாங்கத்திடம் கணக்குக் கேட்க வேண்டியவர், அதே அரசாங்கம் திறந்துவிடும் குழாயின் கீழே குடத்தோடு நிற்கிறார். அவர் எவ்வளவு சத்தமாகக் கேட்பார்?

யார் மாற வேண்டும்?

எம்.பி.க்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் மக்கள் போடும் மார்க்குக்குத் தகுந்த மாதிரிதான் படிக்கிறார்கள். நிழற்குடைக்கு மார்க் உண்டு, வெட்டுத் தீர்மானத்துக்கு மார்க் இல்லை என்றால் எந்த மாணவன்தான் சிலபஸில் இல்லாததைப் படிப்பான்? இரவு முழுக்கப் பட்ஜெட் ஆவணத்தைப் புரட்டி, சுகாதாரத் துறை மானியத்தில் ஓட்டை கண்டுபிடித்து, சபையில் அமைச்சரை மடக்கிய ஒரு எம்.பி., "தொகுதிக்கு என்ன செய்தார்?" என்ற ஒரே கேள்வியில் தோற்றுப் போகலாம்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, இத்தனை விளக்கு, இத்தனை வளைவு என்று பட்டியல் வாசித்து முடித்த பிறகு மூன்று கேள்வி கேட்கலாம். எந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் பேசினீர்கள்? எத்தனை வெட்டுத் தீர்மானம் கொடுத்தீர்கள், எந்தக் குறைக்காக? எந்த நிலைக்குழுவில் இருந்தீர்கள், அது சொன்னதில் அரசு எதை ஏற்றது? இவற்றுக்குப் பதில் ரகசியம் இல்லை. விவாதங்களும் கேள்வி பதில்களும் குழு அறிக்கைகளும் நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடக்கின்றன. கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தால் தன் தொகுதி எம்.பி.யின் ஐந்து வருட ஜாதகத்தையே எடுத்துவிடலாம்.

தெருவிளக்கும் நிழற்குடையும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவை கட்டாயம் வேண்டும். அந்தப் பணத்தை நேராகப் பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் கொடுத்தால் எந்தத் தெருவில் விளக்கு இல்லை என்று அந்த வார்டு உறுப்பினருக்குத் தெரியும், எரியவில்லை என்றால் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கவும் முடியும். டெல்லியில் இருப்பவரிடம் பல்பு கேட்பதை விட அது எவ்வளவோ மேல்.

டெல்லியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியது வேறு. அந்த ஆளுக்கு 50,000 ரூபாய் எங்கே போகிறது, கட்டிய சுகாதார நிலையத்துக்கு நர்ஸ் ஏன் வரவில்லை என்று அங்கே எழுந்து கேட்கத்தான் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சம்பளமும் விமான டிக்கெட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். 28 ரூபாய்க்கு ஒரு நிழற்குடையைக் காட்டிவிட்டு அவர் அந்த வேலையிலிருந்து தப்பித்துக்கொள்ள விடுவது, ஓட்டுப் போடுகிறவர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் துரோகம்.